ஏசுபாதம் கண் திறந்த படம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, பிரதீபாவுடையது. செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவின் மாடியறையில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறாள். கூடுவாஞ்சேரிக்குத் திரும்பும் மாலை மின்ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து, வேர்க்கடலையை உரித்தபடி இதைச் சொன்னாள். என் மடியில் அப்போது நூலக முத்திரை குத்திய ஒரு மொழிபெயர்ப்பு நாவல். அதில் ஒரு குதிரைவண்டி பனியில் புதைந்து, இரண்டு அத்தியாயங்களாக நகராமல் நின்றிருந்தது. பிரதீபா சொல்லி முடித்ததும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, இதை நான் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை அழ வைக்காத. நான் அழல."

ஆகவே இந்தக் கதையில் பிரதீபா அழமாட்டாள்.

2

முதல் தொடக்கம்: மாமல்லபுரத்துக் கடல் அன்று சாம்பல் நிறத்தில், எதையோ மறக்க முயலும் கிழவனைப் போல

(வேண்டாம். மாமல்லபுரத்துக் கடல் அப்படியெல்லாம் இருக்காது. அது நான் எங்கோ படித்த குளிர்நாட்டுக் கடல்.)

இரண்டாம் தொடக்கம்: ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டார்.

இது பரவாயில்லை. ஏசுபாதம் அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலை பார்ப்பவர். 2006 தொடக்கத்தில் அவருடைய ஒரே மகள் ஜாக்குலினுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. ஆல்பம் கைக்கு வந்ததும் அவளும் கிளம்புகிறாள். சில வருடங்களுக்கு வர முடியாது.

ஆல்பம் வேலை என்பது முதலில் கழிப்பதுதான். ஆடியது, மங்கியது, வாய் நிறையச் சோற்றோடு இருப்பது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் பெரும்பகுதியைத் தள்ளிவிட வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டே போனபோதுதான் பிரதீபாவுக்கு அது உறைத்தது. பெண்ணின் அப்பா இருக்கிற எல்லாப் படங்களிலும் கண்ணை மூடியிருக்கிறார். சர்ச்சில் மூடியிருந்தால் ஜெபம் என்று விட்டுவிடலாம். பந்தியில் சாம்பார் வாளியோடும் மூடியிருந்தார். கடற்கரையில் படமெடுக்கப் போனபோது, மகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, நன்றாகச் சிரித்தபடி மூடியிருந்தார்.

படங்களைத் தேர்ந்தெடுக்க வந்த ஜாக்குலின் அந்தக் கடற்கரைப் படத்திலேயே நின்றுவிட்டாள்.

"அக்கா, அப்பா என்னைப் பாக்கற மாரி ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும். அங்க போய் நான் யாரைப் பாத்துக்கினு இருப்பேன்?"

3

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அவர் உயிரோடுதானே இருக்கிறார், கூப்பிட்டு இன்னொரு படம் எடுத்தால் என்ன?*

எடுத்தார்கள். புகைப்படக்காரர் சாம் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து மூன்று எண்ணினார். இரண்டிலேயே இமைகள் விழுந்தன. ஃபிளாஷை அணைத்துப் பார்த்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே, சொல்லாமல் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணாத்த, இது கேமரா. துப்பாக்கி இல்ல."

"இன்னா பண்றது தம்பி, தானா மூடிக்குது. நீ அமுக்கறதுக்கு முன்னயே அதுக்குத் தெரிஞ்சிடுது."

(* வீடியோவில் திறந்திருக்காதா என்றும் கேட்பீர்கள். வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் அவர் பாதிக் கண்ணோடுதான் இருந்தார். அந்தப் பாதியும் பெரிதாக்கினால் கலைந்துவிடும்.)

4

இந்த இடத்தில் பிரதீபாவின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. நான் எழுதிவைத்திருந்த பிரதீபா ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி, உண்மை என்றால் என்ன என்று யோசித்தாள். அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். அந்த அறையில் ஜன்னலே கிடையாதாம்.

அவள் செய்தது இதுதான். மூடிய கண்ணுக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து ஒட்டுவது இந்தத் தொழிலில் தினமும் நடப்பது. ஆனால் அது அதே ஆளின் கண்ணாக இருக்கும். இங்கே அதற்கு வழியில்லை. கடற்கரைப் படத்தில் ஏசுபாதத்தின் அண்ணன் கண்ணை ஒட்டிப் பார்த்தாள். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி ஆகிவிட்டார். அழித்தாள். பிறகு ஜாக்குலினின் கண்ணை எடுத்தாள்.

கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது ஜாக்குலின் திரும்பி அப்பாவைப் பார்க்கிற படம் ஒன்று இருந்தது. சாம் அதை ஏசுபாதத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்திருந்தார். அந்தக் கண்களை இடம் வலமாகப் புரட்டி, மையை நீக்கி, வெண்விழியைக் கொஞ்சம் பழுப்பாக்கி, சுற்றிலும் அவருடைய சுருக்கங்களையே விட்டுவைத்தாள். பொருந்திவிட்டது. மகள் அப்பாவைப் பார்த்த பார்வையால் அப்பா மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(இந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. பிரதீபா சொன்னது: "செட் ஆயிடுச்சு.")

5

மறுநாள் ஏசுபாதமே வந்தார். மகள் கேட்டது அவர் காதுக்கும் போயிருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுல தெறந்துகினு கீது, பாரும்மா."

திறந்துதான் இருந்தது. இளவயது ஏசுபாதம் பேயைப் பார்த்தவரைப் போல விழித்துக்கொண்டிருந்தார். அதை வாங்கி வைத்துவிட்டு, பிரதீபா கணினியில் கடற்கரைப் படத்தைத் திறந்து காட்டினாள். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"இது என் கண்ணு இல்லியே."

திரையில் அந்தக் கண்ணருகே விரலைக் கொண்டுபோனார்.

"பாப்பாது. கார்ல ஏறச்சொல்லோ இப்பிடித்தான் பாத்துச்சி. நான் பாத்துகினுதான இருந்தேன்."

அழித்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். அட்டையைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"கண்ணு யாருதுன்னு மட்டும் அதுகிட்ட சொல்லாத. அப்பா பாத்தாருன்னு நெனச்சிக்கினு போவட்டும்."

6

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன்.

(அ) பிரதீபா உண்மையைச் சொல்லிவிடுகிறாள். ஜாக்குலின் விம்மியபடி, கண் மூடிய படமே போதும் என்று

"இது சினிமா" என்று பிரதீபா தாளைத் திருப்பித் தந்தாள்.

(ஆ) சொல்லவில்லை. வருடங்கள் கழித்து மஸ்கட்டில் ஒரு காலை ஜாக்குலின் கண்ணாடி முன் நிற்கிறாள். தன் முகத்தில் அப்பாவை

இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிரதீபா, "நீ படிக்கற புக்குலதான் எல்லாரும் சும்மா சும்மா கண்ணாடி பாப்பாங்க" என்றாள்.

பிறகு, நடந்ததைச் சொன்னாள். நடந்ததில் ஒரு பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

ஜாக்குலின் வந்தாள். அப்பாவும் கூட வந்திருந்தார், ஆனால் மாடி ஏறவில்லை. கீழே சாமோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பிரதீபா படத்தைத் திறந்தாள். ஜாக்குலின் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பார்த்தாள். துப்பட்டாவால் திரையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அப்பா இப்பிடிப் பாத்தாரா என்னை? நான் கவனிக்கவே இல்லியே. எப்பக்கா பாத்தாரு?"

பிரதீபா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். எழுதினால் அது அவளுடைய பதிலாகிவிடும்; நீங்கள் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதனால் பிரதீபாவை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் உங்களை உட்காரவைக்கிறேன். சொல்லாதே என்றவர் கீழே இருக்கிறார். கேட்டவள் பக்கத்தில் இருக்கிறாள். இப்போது அவள் திரையை விட்டுத் திரும்பி உங்களைப் பார்க்கிறாள், அதே கண்களால்.