நேற்று நாலு

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா. கால் மாட்டிக்கிச்சு."

வாடகைக் கட்டில்காரர் ஸ்பேனரும் கையுமாகத் தரையில் மல்லாந்து கிடந்தார். அவள் சேலையைச் செருகிக்கொண்டு இரும்புக் கட்டிலின் தலைமாட்டுப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தாள். காலையில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். மத்தியானம் ஆவதற்குள் கட்டிலைக் கொண்டுபோக ஆள் வந்துவிட்டார். சித்திதான் போன் போட்டு வரவழைத்திருந்தாள். கண்ணெதிரே அது நின்றால் மனசு ஆறாது என்பது சித்தியின் கணக்கு.

தம்பி ஜன்னலோரம் உட்கார்ந்து மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். விமான நிலையத்திலிருந்து நேராக மயானத்துக்கு வந்தவன். குளித்து வேறு சட்டை போட்டிருந்தான், அவ்வளவுதான். ஒரு வாய் சாப்பிடவில்லை.

"அப்பனை வழியனுப்பிட்டு வந்த கையோட கம்ப்யூட்டரா?" என்றாள் சித்தி, அவனுக்குக் கேட்கும்படியாகவே.

"விடுங்க சித்தி. அவனுக்கு அழத் தெரியாது. தட்டத்தான் தெரியும்."

"நீ மட்டும் அழுதியாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, சித்தி செருப்பைத் தேடினாள். வாசல்வரை கூடவே போன அவளிடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏன்டி, அவன்கிட்ட ஒரு நாள் முன்னாடி விவரமா சொல்லியிருக்கக் கூடாதா? அப்பா முகத்தைப் பார்த்ததும் புள்ளை அப்படியே கல்லாயிட்டான். உயிரோட ஒரு வார்த்தை பேசியிருப்பான் இல்ல?"

அவள் கட்டில்காரரின் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

அவன் என்ன தட்டிக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அப்பாவுக்காக அவன் எழுதியதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

அப்பா படுத்த படுக்கையானதும் தம்பி செய்த முதல் காரியம் அதுதான். மற்ற பிள்ளைகள் பழம் வாங்கி அனுப்புவார்கள், இவன் ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினான். அவன் அலுவலகத்துக்காக எழுதியிருந்த மென்பொருள் லைப்ரரி ஒன்று இருந்தது. யாருக்கு என்ன தகவல் வேண்டுமோ, அதைத் தாங்களே வரையறுத்துக்கொள்ளலாம். வந்து விழும் தகவல் சரியா என்று அது சோதித்துப் பார்த்து உள்ளே விடும். அதையே வீட்டுக்கும் பொருத்தினான். சாயங்காலம் ஆனால் அவள் போனில் ஒரு பக்கம் திறக்கும். வலி பத்துக்கு எவ்வளவு, என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூங்கினார். அவள் நிரப்புவதெல்லாம் ஜேசன் என்ற வடிவத்தில் சேர்ந்துகொண்டே போகும், கடல் தாண்டி அவன் பார்ப்பான்.

"யாருடா அந்த ஜேசன்?" என்றார் அப்பா, முதல் நாள் வீடியோ அழைப்பில். "நான் வெளிக்குப் போனேனா இல்லையான்னு அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?"

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் அவளுக்குப் பாடம் எடுத்தான். "வலி, தூக்கம்னு ஒவ்வொரு பண்புக்கும் நாலு விஷயம்தான்க்கா. பேரு. அது எண்ணா, எழுத்தா, ஆம்-இல்லையா. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா எதை வச்சுக்கணும். கடைசியா, எதை ஏத்துக்கக் கூடாது. வேணும்னா நீயே புதுசா ஒண்ணு சேர்த்துப் பாரேன்."

மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள் அவள். அப்பாவுக்காக நீண்ட விடுப்பில் இருந்தாள். மத்தியான நேரங்களில் அப்பா தூங்கும்போது பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு, இதையாவது பார்க்கலாமே என்று உட்கார்ந்தாள். இரண்டு முறை ஒரு காற்புள்ளியை விட்டுவிட்டாள். மூன்றாம் முறை புதுப் பண்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. பேர்: சிரிப்பு. வகை: ஆம்-இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால்: இல்லை.

"இதை எதுக்குக்கா சேர்த்தே? டாக்டர் கேட்க மாட்டாரே," என்றான் தம்பி.

"நீ கேப்பியேடா," என்றாள்.

அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வலிக்கு எண் சொல்லச் சொன்னால் டிக்கெட் என்பார். "இன்னிக்கு எத்தனைப்பா?" என்று அவள் கேட்டால், "மூணு ரூபா டிக்கெட் ஒண்ணு கிழிங்க மேடம்" என்று பதில் வரும். அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். மகன் பேச்சு வந்தால், தொரை.

ஒருநாள் அவள் தூக்கக் கலக்கத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு சைபரைச் சேர்த்துவிட்டாள். வலி எட்டுக்கு மேல் போனால் தம்பியின் போன் அலறும்படி அவன் வைத்திருந்தான். அலறியது. அடுத்த விமானத்தில் ஏறி, மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். அப்பா நாற்காலியில் சாய்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்ன தொரை, லீவா?" என்றார்.

ஆபீசில் அவனுக்கு நல்ல டோஸ் விழுந்தது. திரும்பிப் போனதும் அவன் ஒரு புதுச் சோதனையைச் சேர்த்தான். முந்தின நாள் எண்ணிலிருந்து இரண்டுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் அது தட்டச்சுப் பிழை. உள்ளே விடாது.

"இனிமே நீ தூக்கத்துல தட்டினாலும் பயமில்லை," என்றான். "குழந்தை தூங்கறதால ராத்திரி போனை அமத்திப் போட்டுடறேன். ஆனா உடம்பு விஷயம்னா இது மட்டும் அடிக்கும்க்கா. சிஸ்டமே என்னை எழுப்பிடும்."

அப்பாவுக்குத்தான் அந்தச் சோதனை பிடிக்கவில்லை. "இன்னொரு சைபர் போட்டுப் பாருங்க மேடம்," என்பார் அவ்வப்போது. "தொரை வந்து நிப்பான்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

கட்டில் போனபிறகு அறை பெரிதாகத் தெரிந்தது. அவள் துடைப்பத்தை எடுத்து வந்து கூட்டத் தொடங்கினாள். பஞ்சுத் துணுக்குகளும் ஊசி மருந்துக் குப்பியின் மூடி ஒன்றும் வந்தன.

"அக்கா," என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "திட்டறேன்னு நினைச்சுக்காதே. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"கேளு."

"அன்னிக்கு, கடைசிச் சாயங்காலம், அப்பாவுக்கு ரொம்ப முடியலைன்னு டாக்டர் சொன்னார். வலி தாங்காம கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாராம். நீ ஆறுன்னு போட்டிருக்கே."

அவள் குப்பையை ஒரு மூலையில் ஒதுக்கினாள்.

"காலையில எந்திரிச்சு உன் மிஸ்டு கால் எல்லாத்தையும் பார்த்தேன். பகீர்னுதான் இருந்துச்சு. உடனே இதைத் திறந்தேன். வலி ஆறு. சிரிப்பு, ஆம்." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "சரி, சும்மா பேசறதுக்குக் கூப்பிட்டிருக்கேன்னு நினைச்சு மீட்டிங்குக்குப் போயிட்டேன். முடிச்சிட்டுக் கூப்பிடலாம்னு இருந்தேன். வெளிய வர்றதுக்குள்ள..."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"இது எங்கயாவது சொதப்பிடுச்சோன்னு பார்த்துட்டேன்க்கா. விமானத்துல உட்கார்ந்தே பார்த்தேன். வெத்தா ஒரு பேஷண்டை உருவாக்கி ஒன்பதுன்னு கொடுத்தேன். பளிச்சுனு அடிச்சுது. இதுல தப்பில்லை. நீ ஒன்பதுன்னு போட்டிருந்தா நான் எந்திரிச்சிருப்பேன். அப்பாகிட்ட பேசியிருப்பேன்."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள்.

வெற்று நோயாளிக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. முதல் நாளே ஒன்பது என்றால் எதிலிருந்து ஏறியது என்று எந்தச் சோதனையும் கேட்காது. அப்பாவுக்கு நேற்று இருந்தது. நேற்று நாலு.

ஒரு வாக்கியம் போதும் அவளுக்கு. சொல்லிவிட்டால் அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. சித்தியின் வாயும் அடைபடும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டபிறகு இவன் எப்படித் தூங்குவான்?

அன்று சாயங்காலம் அவள் ஒன்பதுதான் போட்டாள். சரியாகப் பார்த்துத்தான் போட்டாள். சிவப்பு எழுத்தில் வாக்கியம் வந்தது. மற்ற பிழைச் செய்திகளைப் போல மொட்டையாக இல்லாமல், தம்பி அவளுக்கென்று ஆசையாக எழுதி வைத்திருந்த வாக்கியம். 'அக்கா, நேத்து நாலு. ஒரே நாளில் ஒன்பது ஆகாது. தூக்கக் கலக்கமா? மறுபடி பாரு.' மறுபடி பார்த்தாள். மறுபடி ஒன்பது போட்டாள். மறுபடி அதே வாக்கியம், அதே பிரியத்தோடு. அவனைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. திரும்பக் கூப்பிட்டாள்.

"என்ன மேடம், யார்கூடச் சண்டை?" என்றார் அப்பா, பற்களைக் கடித்துக்கொண்டு.

"ஒன்பதை ஒத்துக்க மாட்டேங்குதுப்பா. ஆறுக்கு மேல விடாது."

"அடேயப்பா. நடுவுல ஏறினவனுக்கு டிக்கெட் இல்லைன்னு சொல்ற முதல் கண்டக்டர் அவன்தான்," என்றார். சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலிக்க வலிக்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள், கண்ணில் நீர் வர. "சரி, அவன் குடுக்கிறதையே வாங்கு. அங்க நடுராத்திரி, தூங்கிட்டிருப்பான், எழுப்பாதே."

ஆறு போட்டாள். உடனே ஏற்றுக்கொண்டது. சிரிப்புக்கு ஆம் போட்டாள். அழைப்புகளைப் பார்த்ததும் கூப்பிடுவான் என்று இருந்தாள். டாக்டரைக் கூட்டிவர ஓட வேண்டியிருந்தது.

"அசதிடா," என்றாள் இப்போது. "சரியாக் கவனிக்கல."

தம்பி அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"சரி விடுக்கா. நீ ஒரே ஆளா எவ்வளவுதான் பார்ப்பே," என்றான். பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறான். அவள் துடைப்பத்தை எடுத்துக் கூட்டிய இடத்தையே கூட்டினாள்.

"அன்னிக்கு நிஜமாவே சிரிச்சாராக்கா?"

"சிரிச்சார்டா. நல்லாவே சிரிச்சார்."

"எதுக்கு?"

"பழைய பஸ் ஜோக் ஒண்ணு."

அவன் தலையாட்டிக்கொண்டான். அதை எங்கோ பத்திரமாக வைத்துக்கொள்வதுபோல் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு கணினியை மறுபடி தன் பக்கம் இழுத்தான்.

"ஆபீஸ்ல என்கூட இருக்கிறவர் ஒருத்தர். அவரோட அம்மாவுக்கும் இப்படித்தான், ஊர்ல படுத்திருக்காங்க. இதைக் கேட்டுக்கிட்டே இருந்தார். இன்னிக்கே அனுப்பிடறேன். அப்பாவுக்குன்னு எழுதினது, இன்னொருத்தருக்காவது உதவட்டும்."

"அந்த அம்மாவை யார் பார்த்துக்கிறாங்க?"

"தங்கச்சி. இவருக்கு வேற யாரும் இல்லை."

அவள் அந்தத் தங்கச்சியை மனசுக்குள் ஒரு கணம் பார்த்தாள். முகம் தெரியாத ஒருத்தி, ஒரு கையால் அம்மாவைத் தாங்கிக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு, சிவப்பு எழுத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள்.

துடைப்பத்தைக் கீழே போட்டாள். அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணை எடுத்துடுடா."

"எதை?"

"நேத்தைக்கும் இன்னைக்கும் ரெண்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா வேண்டாங்குதே, அந்தச் சோதனையை."

"ஐயோ, அதுதான்க்கா முக்கியம்." அன்று முதல்முறையாக அவன் முகத்தில் லேசான சிரிப்பு வந்தது. "இல்லைன்னா அந்தத் தங்கச்சியும் உன்னை மாதிரி ஒரு சைபரைச் சேர்த்துடுவா. இவர் அலறியடிச்சுக்கிட்டு ஓடுவார்."

"ஓடட்டும்," என்றாள். "ஒரு தடவை சும்மா வந்துட்டுப் போகட்டும். என்ன கெட்டுப்போச்சு?"

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. கை விசைப்பலகையின் மேலேயே இருந்தது. திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"அக்கா... அதுக்கு முந்தின நாள் எவ்வளவு போட்டிருந்தே?"

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை நீ," என்று எழுந்தாள். "டீ போட்டுக் கொண்டாறேன்."

சமையலறையில் பாலை அடுப்பில் வைத்தாள். கூடத்திலிருந்து விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நாலைந்து தட்டல். பிறகு ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு, அதே விசை இன்னொரு முறை, அன்று அவள் ஒன்பதைத் திரும்பப் போட்டதுபோல. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தாள். நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் வந்தது. காலடிகள் சமையலறை வாசல்வரை வந்து, அதற்கு மேல் வராமல் நின்றன.

அவள் திரும்பவில்லை. அலமாரியில் கவிழ்த்திருந்த சுத்தமான டம்ளர் ஒன்றை எடுத்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அதைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் சோவென்று கொட்டியது. டம்ளர் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. வாசலில் நின்றவன் நின்றபடியே இருக்க, அவள் வேறு எந்தச் சத்தமும் கேட்காதபடி குழாயைத் திறந்தே விட்டிருந்தாள்.