உள்ளே, வெளியே, மனசு

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாயக்காள் வந்து டெலிபோன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தபோது, ஜனகராஜ் இன்டர்நெட்டில் இருந்தார். மோடத்தின் பச்சை விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

பேங்கிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற கையோடு கம்ப்யூட்டர் வாங்கியவர். ஆறு மாதம் ராத்திரி பூராவும் அதிலேயே கிடந்து, தூக்கம் கெட்டு, விரல்கள் நடுங்கத் தொடங்கிய பிறகு, பத்திரிகையில் வந்த ஒரு சுயபரிசோதனை அட்டவணையைப் பிடித்துக்கொண்டார். நோட்டில் மூன்று பத்திகள். இன்டர்நெட்டுக்கு உள்ளே எத்தனை மணி, வெளியே எத்தனை மணி, மனசுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் உள்ளே. கீழக்குயில்குடி மலையடிவாரம் வரை நடந்து வருவது வெளியே. மூன்றே வாரத்தில் மனசு நாலிலிருந்து எட்டுக்கு ஏறியிருந்தது.

அந்த மூன்று வாரமாகத்தான் மாயக்காளுக்குப் போன் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி. மகன் விருமாண்டிக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஜனகராஜ் வீட்டு நம்பருக்குத்தான் ஞாயிறுதோறும் பதினோரு மணிக்குக் கூப்பிடுவான். நெட் ஓடும்போது வெளியிலிருந்து யாருக்கும் லைன் கிடைக்காது. அது ஜனகராஜுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கிழமை மட்டும் சாயங்காலமா உக்காந்தா என்ன?" என்றாள் அவர் மனைவி ராதாமணி, தங்கள் சௌராஷ்டிர மொழியில்.

"ஒரு நாள் மாறினாலும் அட்டவணை கெட்டுரும்" என்றார் அவரும் அதே மொழியில்.

மாயக்காள் தரையைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க எனக்குப் புரியாத அந்தப் பேச்சுக்குத் தாவுனாலே எதையோ மறைக்கிறீகன்னு தோணும் மதினி. காப்பிக்குச் சீனி இல்லேங்கிறதக்கூட அதுலதான் பேசுவீக."

ராதாமணி காப்பி டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

"பய மறந்துட்டான் போல. வேல அம்புட்டு இருக்கும்" என்றாள் மாயக்காள்.

மின்விசிறி சுற்றியது. ஜனகராஜ் நோட்டைத் திறந்து, வெளியே என்ற பத்தியில் 'பக்கத்து வீட்டாரோடு, ஒரு மணி நேரம்' என்று எழுதினார். அவள் காத்திருப்பதைத்தான் போன வாரமும் அப்படி எழுதியிருந்தார். நாள் முடியாமலே மனசுக்கு எட்டும் போட்டார்.

பதினொன்றரைக்கு இணைப்பு தானாக அறுந்தது. அவர் மறுபடி தட்டுவதற்குள் போன் அடித்தது. எடுத்தார்.

"விருமாண்டி ஆத்தாவோட நம்பருங்களா? அவங்கூட வேல பாக்குறவன் பேசுறேன். நீங்க யாருண்ணே?"

"பக்கத்து வீடு."

"ஆத்தாட்ட குடுத்துராதீகண்ணே. சாரத்துலருந்து விழுந்து மூணு வாரமா ஆஸ்பத்திரில கெடந்தான். ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு ஆத்தா போனுக்கிட்டதான் இருக்கும், போடுங்கடான்னு சொல்லிக்கிட்டே கெடந்தான். போட்டோம்ணே. அந்த நேரத்துக்கு எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. இன்னைக்கு விடியக்காலைல முடிஞ்சு போச்சுண்ணே."

மாயக்காள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்து நீட்டினாள்.

"எம்மவனா? எங்கிட்ட குடுங்கண்ணே."

ஜனகராஜ் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ராதாமணி பக்கம் திரும்பி, தணிந்த குரலில், சௌராஷ்டிரத்தில் ஒரு வரி சொன்னார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. மாயக்காள் இந்தத் தடவை தரையைப் பார்க்கவில்லை.