லீனா கேட்ட அப்பம்

...குலுங்கக் கூடாது, குலுங்கினால் திராட்சரசம் மூடி வழியாகக் கசிந்து வெள்ளைத் துணியில் இறங்கிவிடும், அப்புறம் எத்தனை தடவை துவைத்தாலும் அந்தக் கறை போகாது, இது எனக்குத் தெரியாதா என்ன, சித்தூர் கோயிலில் இருபத்திரண்டு வருஷமாகத் திருவிருந்துத் துணியைத் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்து மடித்து வைக்கிறவள் நான்தானே, அபிகாயில் டீச்சர் மடித்தால் ஓரத்தோடு ஓரம் ஒட்டும் என்று சபையில் எல்லோரும் சொல்வார்கள், சொல்லட்டும் என்று நானும் காத்திருப்பேன்... மடியில் திருவிருந்துப் பெட்டி. உள்ளே சின்னக் கிண்ணங்கள், ஒரு தட்டு, துண்டு போட்ட அப்பம், ஒரு சிறிய புட்டி. அருள்குமார் ஐயா காரை ஓட்டுகிறார். போன மே மாதம்தான் மாற்றலாகி வந்த போதகர், சின்ன வயசு, ஹாரன் அடிக்கக்கூட யோசிப்பவர். கனிப்பாக்கம் வளைவு தாண்டியதும் சொன்னார், "படுக்கையில இருக்கறவங்களுக்குத் திருவிருந்து தனியா மட்டும் குடுக்கறதில்ல டீச்சர். கூட ஒருத்தராவது சேர்ந்து எடுக்கணும். அது ஒரு பந்தியா இருக்கணும் இல்லியா. நீங்க வர்றது நல்லதாப் போச்சு, அவங்க வீட்டுக்காரர் எடுக்க முடியாது." நான் தலையாட்டினேன். ஆட்டின பிறகுதான் உறைத்தது. சேர்ந்து எடுக்கணும் என்றால் நானும் லீனாவும்... ஒரே தட்டிலிருந்து... ஏன், அதில் என்ன, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே.

லீனா என் தங்கை. எனக்கு ஏழு வயசு இளையவள். திருப்பதியில் பஸ் டிப்போ பக்கத்தில் வீடு. வயிற்றில் ஆரம்பித்த புற்று ஈரல் வரை போய்விட்டது, ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் போன வியாழக்கிழமைதான் தெரியும், அதுவும் அவள் புருஷன் சாய்குமார் போன் செய்ததால். பன்னிரண்டு வருஷத்தில் அவன் எனக்குச் செய்த முதல் போன். "அக்கா, லீனா உங்க கோயில் அப்பம் கேக்கறா அக்கா. நான் இங்க திருப்பதி சர்ச்சிலேர்ந்து கூட்டிக்கினு வரட்டான்னு கேட்டேன், வேணாம், சித்தூர்லேர்ந்துதான் வரணும்ங்கறா." சித்தூரிலிருந்துதான் வரணுமாம். பிடிவாதம் மட்டும் இளைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன், அந்த நேரத்திலும் அப்படித்தான் நினைக்கத் தோன்றியது எனக்கு. என்ன ஜென்மமோ நான்.

சாய்குமார் நகரிக்காரன், வீட்டில் பவர்லூம் வைத்திருக்கிறார்கள், அவன் டிப்போவில் மெக்கானிக். நல்லவன் என்று அப்போதே எல்லோரும் சொன்னார்கள். நல்லவனாக இருந்தால் ஆகிவிட்டதா, நம் சபையில் சேர்ந்தவனா என்று நான் கேட்டேன். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள். நைனா, எங்கள் அப்பா, ஆறு மாசம் வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், சபை மூப்பர், நாற்பது வருஷம் காணிக்கைத் தட்டு தூக்கினவர். அப்புறம் ஒரு சனிக்கிழமை... இதை நினைக்காதே, ஐயா ஏதோ சொல்கிறார், "சந்திரகிரி வந்துட்டோம் டீச்சர், தண்ணி குடிக்கிறீங்களா?" வேண்டாம் ஐயா. தண்ணீர் எதற்கு, வரும் வழியில் பாகால கிராஸில் பூரி வேறு தின்றுவிட்டேன். திருவிருந்து எடுக்கிற அன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளை மிரட்டுகிறவள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை. மறுநாள் திருவிருந்து என்றால் முந்தின நாள் எல்லோரும் கூடி மனசைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் ராசியாகிவிட்டுத்தான் பந்திக்கு வர வேண்டும், இது எங்கள் சபையில் மிஷனரிமார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். நான் புறப்படும்போது நைனா சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார். என்ன நைனா இது, நான் தேய்க்க மாட்டேனா என்றேன். "நாளைக்கி லீனா வர்றாளாம்மா, போன் பண்ணா. ஆட்டுக்கால் பாயா வெய்யி, அவளுக்குப் புடிக்கும். காலைலயே போய் வாங்கியாந்துடறேன்." அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்காக அவர் ஒரு நாளாவது... அவருடைய மாத்திரை, அவருடைய கஞ்சி, அவருடைய வேட்டி, எனக்கு வந்த மூன்று வரன்களும் அவருக்காகத் தட்டிப்போனவை என்று நானே சொல்லிக்கொண்டது, இதெல்லாம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை, ஓடிப்போனவளுக்குப் பாயா. கோயில் முடிந்ததும் அப்போதைய போதகர் பாலசுந்தரம் ஐயாவின் அறைக்குப் போனேன். கால் தானாகப் போயிற்று. "ஐயா, நாளைக்கு லீனா வரா. சபைக்கு வெளிய கல்யாணம் பண்ணவளுக்குத் திருவிருந்து குடுக்க வேணாம்னு நைனா சொல்லி அனுப்பினார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "நான் குடுத்துடலாம்னுதான் இருந்தேம்மா... மூப்பரே சொன்னப்புறம் நான் எப்படித் தட்டறது" என்றார். திரும்பி வரும்போது பரிசுத்தத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், பொறாமை என்ற சொல் அதற்கு நாலைந்து வருஷம் கழித்துத்தான் வந்தது.

மறுநாள் அவள் எனக்குப் பக்கத்திலேயே முழங்கால் போட்டாள். வெள்ளைப் புடவை, முக்காடு, இடது உள்ளங்கை மேல் வலது உள்ளங்கை, சின்ன வயசில் நான்தான் அப்படிக் கையை வைக்கக் கற்றுக்கொடுத்தேன். ஐயா வரிசையாக வந்தார். எனக்கு வைத்தார். லீனாவின் கையைத் தாண்டி அடுத்தவளுக்கு வைத்தார். கை அப்படியே விரிந்திருந்தது. வரிசையில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல் பார்த்தார்கள், நான் என் அப்பத்தை விழுங்கினேன்... ஆராதனை முடிந்ததும் லீனா போய் ஐயாவிடமே கேட்டிருக்கிறாள், அவரும் உங்கள் நைனாதான் வேண்டாம் என்றார் என்று சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்கு வரவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டு. அடுப்பில் பாயா. நைனாவோ, கோயில் ஒழுங்கு, ஐயா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டார், அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, பாலசுந்தரம் ஐயாவும் அடுத்த வருஷமே ஓய்வு பெற்று, போய்ச் சேர்ந்தும் விட்டார். நைனா மட்டும் கேட்டபடியே இருந்தார், லீனா ஏன் வரல, லீனா ஏன் போன் எடுக்க மாட்டேங்கறா. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது நான் ஆள் அனுப்பினேன். பந்தியிலேர்ந்து என்னை எழுப்பி உட்டவரு மூஞ்சில நான் எதுக்கு முழிக்கணும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த ஆளிடம் அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சவப்பெட்டியை மூட ஆட்கள் காத்திருந்தார்கள், நான் நைனாவின் காலரைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

வீடு வந்துவிட்டது. சந்துக்கு மேலே மலை தெரிகிறது, மொட்டையடித்த யாத்திரைக்காரர்கள் கூட்டமாக ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறார்கள். சாய்குமார் வாசலிலேயே நிற்கிறான், ஈரத் தலை, வெளுத்த வேட்டி. தரை கழுவி விட்டிருக்கிறான். சுவரில் அவன் வீட்டுப் பெருமாள் படம், பக்கத்தில் லீனாவின் வசனக் காலண்டர், இன்றைய தேதி வரை ஒழுங்காகக் கிழித்திருக்கிறது. ஐயா உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறான். காபியாவது குடித்தீர்களா என்று ஐயா கேட்கிறார். "இல்லீங்க ஐயா. காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல. சாமி பொருள் வருதில்ல வீட்டுக்கு. அது வந்து போறவரைக்கும் இருக்கலாம்னு." நானோ வழியில் பூரி தின்றவள். நான் கண்ணைப் பெட்டிமேல் வைத்துக்கொள்கிறேன்.

கட்டிலில் இருப்பது லீனாதானா? கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக, கை மணிக்கட்டில் வளையல் முழங்கைவரை ஏறிப்போகும்போல். என்னைப் பார்த்ததும் சிரிக்கிறாள். "அக்கா, நரைச்சிப் போய்ட்டியே." நான் அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். ஐயா வெளி அறையில் அங்கியை மாட்டிக்கொள்ளும் நேரத்தில் அவள் என் விரலைப் பிடித்து மெல்லச் சொல்கிறாள், "ரெண்டு மாசமா ஒரே வேலையா இருந்தேன் க்கா. நைனாவ மன்னிக்கிற வேலை. மொதல்ல வாய்ல சொன்னேன், மனசு வரல. வலி வர்றப்பல்லாம் அவரு மேலதான் கோவம் வந்துச்சு. தினம் உக்காந்துக்கினு, அவரு என்னைத் தோள்ல தூக்கினது, எனக்கு ஜுரத்துல தண்ணி பத்து போட்டது, ஒவ்வொண்ணா நெனச்சி நெனச்சி... முந்தாநேத்துதான் முடிஞ்சுது. இப்போ மனசுல ஒண்ணுமே இல்ல. அதான் கேட்டு அனுப்புனேன். இப்போ எடுக்கலாம் இல்ல?" எடுக்கலாம் லீனா, என்று என் வாய் சொல்கிறது. நைனா செய்யாத தப்பை இரண்டு மாசம் உட்கார்ந்து மன்னித்திருக்கிறாள், இந்த வலியில், இந்த உடம்பில்... கர்த்தாவே.

ஐயா ஸ்டூலில் துணியை விரிக்கிறார், என் மடிப்பு, ஓரத்தோடு ஓரம். ஜெபம் ஆரம்பிக்கிறது. இப்போது என்ன செய்யட்டும்? பேசாமல் எடுத்துவிட்டால்? பன்னிரண்டு வருஷமாக எடுத்தேனே, மாசாமாசம், நாக்கு வெந்துவிட்டதா. எடுக்காவிட்டால் இவளுக்கும் கிடைக்காது, ஒரு பந்தியாக இருக்க வேண்டுமாம், மறுபடியும் என்னால் அவள் கை விரிந்தபடியே நிற்கும். எடுத்தால் பொய். எடுக்காவிட்டால் பாவம். ராசியாகிவிட்டுத்தான் வர வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அந்தச் சட்டம் எனக்கு இல்லையா, முதலில் சொல்லிவிட வேண்டும், சொன்னால்தான் கை நீட்ட முடியும், நைனாவுக்கும் அது நியாயம், செத்தவர் பேரில் எவ்வளவு நாள் பழியை ஏற்றி வைப்பது... வெளியே சாய்குமார் கை கட்டி நிற்கும் நிழல் தரையில் விழுகிறது. ஐயா பாவ அறிக்கையை வாசிக்கிறார், லீனாவின் உதடும் கூடவே அசைகிறது, ஒரு சொல் விடாமல் மனப்பாடம், நினைவினாலும் வார்த்தையினாலும் என்ற இடத்தில் அவள் குரல் சின்னப் பிள்ளைக் குரல்போல் இருக்கிறது. ஐயா அப்பத்தைக் கையில் எடுக்கிறார். இப்போது. இப்போது இல்லையென்றால் இல்லை.

"லீனா, நைனா இல்லடி. நைனா ஒண்ணும் சொல்லல. நான்தான் நைனா பேரைச் சொல்லி பாலசுந்தரம் ஐயாகிட்ட வேணாம்னேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

ஐயாவின் கை அப்படியே நிற்கிறது. லீனா என்னைப் பார்க்கிறாள். கோபம் இல்லை, புரியாத குழந்தை பார்ப்பதுபோல் பார்க்கிறாள், அப்புறம் மெல்ல மெல்லப் புரிந்து... "அப்போ நைனா?" என்கிறாள். கேட்டுக்கொண்டே இருந்தார் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது, பாயா வைக்கச் சொன்னார் என்றும், சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டார் என்றும், ஆரம்பித்த வாய் நிற்க மாட்டேன் என்கிறது, எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன், அவள் கண்ணின் ஓரத்திலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கை தூக்க அவளால் முடியவில்லை. "நான் அவருக்கு மண்ணு போடக்கூட வரலியே க்கா" என்கிறாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எப்போது பிடித்தேன்?

"ஐயா, கொஞ்சம் இருங்க," என்கிறாள் லீனா. கண்ணை மூடிக்கொள்கிறாள். அப்புறம் கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள். "நைனாவுக்கு ரெண்டு மாசம் ஆச்சு க்கா. உனக்கு எத்தினி நாள் ஆவுமோ தெரியலியே. அவ்ளோ நாள் எனக்கு இருக்குதா?"

ஐயா அப்பத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு ஸ்டூல் பக்கத்தில் முழங்கால் போடுகிறார். நானும் போட்டிருக்கிறேன். எனக்கு என்ன நடக்கிறது என்று கவனிக்கிறேன், நெஞ்சு லேசாக இருக்கிறது, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய் வருகிறது, இதற்காகத்தானே சொன்னேன், இவளுக்காக என்றா சொன்னேன், நைனாவுக்காக என்றா... நான் இந்தப் படியேறி வரும்வரை மனசில் ஒன்றுமே இல்லாமல் படுத்திருந்தாள் இவள். இப்போது என் மனசில்தான் ஒன்றுமில்லை. எழுந்து போய்விடலாமா, போனால் யார் இவளோடு சேர்ந்து எடுப்பது, இருந்தால் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி மன்னிப்பாள்... போர்வைக்கு அடியில் அவள் வயிறு ஏறி இறங்குகிறது, உதடு எதையோ முணுமுணுக்க ஆரம்பிக்கிறது, ஜெபமா வலியா என்று எனக்குத் தெரியவில்லை.