யாயாத் மூடாமல் போன டெர்மினல்

விதாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை முற்பகலில் அவளுக்குத் தரப்பட்ட வேலையோ பெரும்பாலும் காத்திருப்பதுதான்.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்திலிருந்து தெற்கே, மலைமேல் பங்காலெங்கானில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம். அங்கே வரும் பாலை எடைபோட்டுப் பதியும் நிரலை எழுதியது பாண்டுங்கில் விதா வேலை பார்க்கும் மூன்று பேர் அலுவலகம். பதிவாகாத பாலுக்குக் குளிர்தொட்டி திறக்காது. கேனிலேயே நின்று திரிந்துவிடும். காலைப் பால் முடிந்த பிறகு பழைய நிரலை நிறுத்தி, புதியதை ஏற்றி, மாலைப் பால் இரண்டரைக்கு வரத் தொடங்குவதற்குள் ஓட்டிவிட வேண்டும். இதை விதா தனியாகச் செய்வது முதல் முறை.

பழையதை நிறுத்தி அகற்றிவிட்டாள். புதியது போய்க்கொண்டிருந்தது. மலைக்குப் போகும் இணைப்பு மெதுவானது. திரையில் ஒரு சதவீத எண் நகராமல் நின்றது, நகர்ந்தது, மீண்டும் நின்றது.

அந்த இடைவெளியில்தான் அவளுக்குக் கை அரித்தது.

அவளுடைய லேப்டாப்பில், கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தால் போதும், எல்லாம் தானாக எழுந்து நிற்கும். டிமக்ஸ் என்ற நிரல் ஒரே கறுப்புத் திரையை மூன்று அறைகளாகப் பிரிக்கும். இடப்பக்கம் எடிட்டர், நேற்று விட்ட வரியிலேயே. வலப்பக்கம் மேலே சர்வர் என்ன சொல்கிறது என்பது ஓடும். கீழே கட்டளை இடும் இடம். அடிக்கோட்டில் ஒரு பச்சைப் பட்டை. அந்தப் பட்டையின் பச்சையை மட்டும் அவள் எத்தனை முறை மாற்றியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியாது. இணைப்பு அறுந்தாலும் உள்ளே அறைகள் அப்படியே இருக்கும், திரும்பி வந்து உட்காரலாம் என்பதுதான் அதன் பயன். ஆனால் விதா அதைப் பயன்படுத்திய நேரத்தைவிட அதைத் திருத்திய நேரம் அதிகம்.

பங்காலெங்கான் சர்வர் மொட்டையாக இருந்தது. வெறும் ஒரு வரி, ஒரு கர்சர். மூன்று பேருக்கும் அதில் ஒரே பொதுக் கணக்கு. விதா தன் அமைப்புக் கோப்புகளை அங்கே நகலெடுத்தாள். உள்ளே நுழைந்ததும் நேராக டிமக்ஸுக்குப் போ, அது முடிந்தால் இணைப்பையும் முடி என்ற வரியும் அதில் இருந்தது. அவளுடைய லேப்டாப்பில் இரண்டு வருடமாகச் சிக்கல் இல்லாமல் ஓடும் வரி.

புதிய நிரல் ஏறி முடிந்தது. ஒரு கட்டளை பாக்கி. அந்தக் கட்டளையை அறைகள் விரிந்த திரையில் கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. வெளியே வந்தாள். மறுபடி நுழைந்தாள்.

இணைப்பு மூடப்பட்டது என்றது திரை.

மறுபடி நுழைந்தாள். மூடப்பட்டது. வேறு விதமாக, ஒரே ஒரு கட்டளையை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். மூடப்பட்டது.

எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். புரிந்துவிட்டது. அந்தச் சர்வரில் இருக்கும் டிமக்ஸ் பழசு. அவள் எழுதிய வரி அதற்குப் புரியவில்லை. புரியாததால் முடிகிறது, முடிந்ததால் வெளியே தள்ளுகிறது. அவளை மட்டுமல்ல, யார் போனாலும். நிர்வாகியின் கணக்கில் வெளியிலிருந்து நுழைய வழியில்லை. சர்வர் இருப்பது சங்கத்து மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டியில். அதற்குத் திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை.

அப்போதுதான் கூட வேலை செய்யும் யாயாத்தின் மேசை கண்ணில் பட்டது. யாயாத் காலையில் ஏதோ சரிபார்க்க அந்தச் சர்வருக்குள் போயிருந்தான். அவன் எதையும் மூடும் வழக்கம் இல்லாதவன். பூட்டிய திரைக்குப் பின்னால் அந்த டெர்மினல் இன்னும் திறந்திருந்தால், விதாவின் கோப்பு வருவதற்கு முன்பே உள்ளே போனவன் என்பதால், அது ஒன்றுதான் வழி. யாயாத் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். அவன் போன் மேசையிலேயே கிடந்தது.

அவன் லேப்டாப் தூங்கிப் போனால் இணைப்பு அறும். விதா அவன் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை அசைத்தாள். சார்ஜரைச் செருகினாள். மறுபடி அசைத்தாள்.

இமாஸ் உள்ளறையிலிருந்து காப்பிக் கோப்பையோடு வந்தாள். அலுவலகம் அவளுடையது. இளையவர்கள் அவளை அக்கா என்ற பொருளில் தெத்தே என்பார்கள்.

"அவன் சீட்ல என்ன பண்றே?"

"மவுஸ் அசைக்கிறேன், தெத்தே."

"அது தெரியுது. எதுக்கு?"

விதா சொன்னாள். சொல்லும்போது கை நிற்கவில்லை. இமாஸ் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உன் சோடனை எல்லாம் அந்த மெஷின்ல வேணாம்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பச்சைப் பட்டை இல்லாம பால் எடை விழாதா?"

விதா மவுஸை இன்னும் வேகமாக அசைத்தாள்.

"அவன் பாஸ்வேர்ட் தெரியுமா?"

"தெரியாது. தப்பாப் போட்டா இன்னும் பூட்டிக்கும்."

இமாஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். "பங்காலெங்கான் போக ரெண்டு மணி நேரம். மழை வேற. இப்ப கிளம்பினாலும் ரெண்டரைக்குள்ள அந்தப் பெட்டியைப் பிரிச்சு உட்கார முடியாது. எழுந்திரு."

"ஏன்?"

"மவுஸை நான் அசைக்கிறேன். நீ போய் மசூதி வாசல்ல நில்லு. தொழுகை முடிஞ்சா அவன் நேரா இங்க வர்ற ஆளா? பத்தகோர் தின்பான், அப்புறம் முடி வெட்டிக்கப் போவான்."

விதா குடையை மறந்து ஓடினாள். மசூதி தெருமுனையில்தான். இடம் போதாமல் தார்ப்பாய் விரித்துச் சாலைவரை வரிசைகள். சுவரோரம் பத்தகோர், அதாவது மீன் அடைத்துப் பொரித்த டோஃபு, விற்கும் வண்டிக்காரர்கள் எண்ணெயைக் காயவைத்துக் காத்திருந்தார்கள். விதா ஒரு வண்டியின் தகரக்கூரைக்குக் கீழே ஒதுங்கி, ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே நின்றாள்.

"யாரைத் தேடுற, நெங்?" என்றார் வண்டிக்காரர். தங்கச்சி என்று கூப்பிடும் விதம் அது. "கடன்காரனையா, காதலனையா?"

"ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஆளு, மாங்," என்றாள், மாமா என்பதுபோல.

"அப்ப அழறதுக்கு ஒண்ணுமில்ல. ஒரு தட்டு போடட்டுமா?"

அழவில்லை, மழை என்று சொல்ல வந்தவள் விட்டுவிட்டாள். ஒலிபெருக்கியில் தொழுகையை முடிக்கும் சலாம் கேட்டது. கூட்டம் அவிழ்ந்து செருப்புகளைத் தேடியது. எல்லோரும் ஒரே மாதிரி தொப்பி, ஒரே மாதிரி சட்டை. யாயாத்தின் தொந்திதான் முதலில் அடையாளம் தெரிந்தது. அவன் வண்டியை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தான். விதா அண்ணன் முறை வைத்துக் கத்தினாள்.

"காங்! காலையில பங்காலெங்கான் உள்ள போனீங்களே, வெளிய வந்தீங்களா?"

"அஸ்ஸலாமு அலைக்கும் சொல்ல மாட்டியா?"

"காங், மூடினீங்களா?"

"நான் என்னிக்கு மூடினேன்? நீதானே எப்பவும் திட்டுவே. காங், உங்க ஸ்க்ரீன் குப்பைத்தொட்டின்னு."

விதா அவன் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். "இனிமே திட்டமாட்டேன். வாங்க."

"ஒரு தட்டு சாப்பிட்டுட்டு..."

"காங்!"

அலுவலகத்தில் இமாஸ் ஒரு கையால் மவுஸை அசைத்தபடி இன்னொரு கையால் சங்கத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாயாத் கடவுச்சொல்லைத் தட்டினான். குவிந்து கிடந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். பறவைத் தீனிக்குச் சில்வண்டு விற்கும் ஒரு பக்கம், பறவைக் கூண்டுகள், மகளின் பள்ளி அறிவிப்பு. கடைசியில் ஒரு சின்னக் கறுப்பு ஜன்னல்.

"என்டர் தட்டுங்க. அது போதும். வேற எதையும் தொடாதீங்க."

தட்டினான். கர்சர் ஒரு நொடி அசையவில்லை. பிறகு ஒரு வரி கீழே இறங்கி நின்றது.

"உயிரோட இருக்கு," என்றான் யாயாத். "எடிட்டரைத் திறந்து அந்த வரியை எடுத்துடட்டுமா?"

"வேணாம்! எடிட்டர்லயும் என் கோப்புதான். உங்களுக்கு ஒரு கீயும் வேலை செய்யாது. நான் உட்கார்றேன்."

அவள் எடிட்டர் பக்கமே போகவில்லை. தான் போட்ட, அந்த வரி இருந்த கோப்பின் பெயரை மாற்றி வைத்தாள். அந்த ஜன்னலை அப்படியே விட்டு, தன் லேப்டாப்பிலிருந்து நுழைந்து பார்த்தாள். உள்ளே விட்டது. வெறும் ஒரு வரி, ஒரு கர்சர். மிச்சமிருந்த ஒரு கட்டளையைக் கொடுத்தாள்.

நிரல் எழவில்லை. புதிய பதிப்புக்கு வேண்டிய ஒரு கோப்புறையை அவள் உருவாக்கவே இல்லை. அமைப்பு வேலையில் மனம் போனதில் அது விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்து, உருவாக்கி, மறுபடி ஓட்டி, மலையில் பால் வாங்கும் நிலையங்கள் ஒவ்வொன்றாக வந்து இணைவதற்குள் இரண்டரை தாண்டியிருந்தது.

"மேல் நிலையத்துல நாலு பேர் கேனோட நிக்கிறாங்களாம்," என்றாள் இமாஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமல். "மேலாளர் கேக்கறார், ஏன் லேட்டுன்னு. நீயே சொல்லு."

விதா போனை வாங்கி, ஐயா என்ற மரியாதையோடு தொடங்கினாள். "பா, விதா பேசுறேன். தப்பு என்னோடது. இப்ப எடை போட்டுப் பாருங்க."

அந்தப் பக்கம் கேன் உரசும் சத்தம். யாரோ உள்ளூர் சுந்தா மொழியில் வைதார்கள். திரையில் முதல் எடை விழுந்தது. அடுத்தது. தொட்டி திறந்தது என்று ஒரு வரி வந்தது.

"விழுது, நெங்," என்றது போன். "பால் கெடல. இவர் வாய்தான் கெட்டிருக்கு."

இமாஸ் விதாவின் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். "உன் கோப்பை அழிச்சியா, பேரை மாத்தி வச்சிருக்கியா?"

"மாத்தி வச்சிருக்கேன்."

"அழி. என் கண்ணு முன்னால. அடுத்த மாசமும் அந்தச் சர்வர் உன்கிட்டதான். ஆனா மொட்டையாவே இருக்கணும்."

விதா அழித்தாள். யாயாத் தன் பக்கத்து ஜன்னலை மூடப் போனான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும், காங்," என்றாள் விதா.

"என் பத்தகோரை யார் வாங்கித் தருவா?"

அவள் போய் வாங்கி வந்தாள். மாலை வரை இரண்டு ஜன்னல்களும் திறந்தே இருந்தன, எடைகள் விழுந்தபடி.

வீட்டுக்குப் போகும் ஆங்கோட் என்ற சிற்றுந்தில் எட்டுப் பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். மழையில் வண்டி நகரவில்லை. விதா போனை எடுத்து, தன் அமைப்புக் கோப்பில் சேர்க்க ஒன்றைத் தட்டத் தொடங்கினாள். பழைய டிமக்ஸாக இருந்தால் வெளியே தள்ளாதே, அப்படியே உள்ளே விடு என்று ஒரு நிபந்தனை. இரண்டே வரி. தன் லேப்டாப்புக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டாள். பெருவிரல்கள் அதற்குள் மூன்றாவது வரிக்குப் போயிருந்தன.