கூரையில் ஒரு பொட்டு

கிட்டுசாமிக்கு அந்த மோல்டு வந்து இறங்கிய நாளிலிருந்தே வலது தோள் சரியில்லை. நியூஜெர்சியில் மொத்தம் பதினோரு பேர் வேலை பார்க்கிற மாடல் கார் கம்பெனி அது. பழைய இரும்பு மோல்டுகளை, அதாவது வார்ப்பு அச்சுகளை, எங்கிருந்தாவது தேடிப்பிடித்து, துரு நீக்கி, வீட்டில் ஒட்டிச் சேர்க்கிற அந்தக் காலத்து பிளாஸ்டிக் கார்களை மறுபடி அடித்துப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்குகிறவர்கள் எல்லாம் அறுபதைத் தாண்டியவர்கள். சின்ன வயதில் பசையைக் கொட்டிப் பாழாக்கிய காரை இப்போதாவது ஒழுங்காக ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. கிட்டுசாமி அங்கே மோல்டுகளைப் பழுதுபார்க்கிற டூல் ரூம். டூல் ரூம் என்றால் அவர் ஒருவர்தான்.

இந்த மோல்டு 1971-இல் செய்தது. 'சண்டே சாலி' என்ற டிராக் ரேஸ் கார். கால் மைல் நேர்கோட்டில் பறந்து, பின்னால் பாராசூட்டை விரித்தால்தான் நிற்கிற ஜாதி. ஏதோ ஒரு ஷெட்டில் கிடந்து துருவேறி வந்திருந்தது. பதினாறு நாள் கையாலேயே தேய்த்தார். துருவுக்கு அடியிலிருந்து காரின் கூரை வெளிவந்தபோது அசந்துபோனார். கண்ணாடி தோற்றது. யாரோ ஒருவன் உயிரைக் கொடுத்துப் பாலிஷ் போட்டிருக்கிறான்.

அன்றைக்கு ஆயுத பூஜை, வெள்ளிக்கிழமை. மனைவி வசந்தாமணி காலையிலேயே சந்தனமும் குங்குமமும் ஒரு சின்ன டப்பாவில் குழைத்துக் கொடுத்திருந்தாள். வருஷா வருஷம் மெஷின்களின் வெளிச்சட்டத்தில் வைப்பதுதான் வழக்கம். அன்றைக்கு என்னவோ, களைப்பா, பிரியமா, அந்தப் பளபளக்கிற கூரை மேலேயே ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டார். துடைத்து எண்ணெய் தடவிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைப்பதற்குள் போன் வந்தது. அப்படியே மறந்துவிட்டார். திங்கட்கிழமையும் லீவு. செவ்வாய்க்கிழமை வந்து துடைத்தபோது பொட்டு போய்விட்டது, அதன் வட்டம் போகவில்லை. ஈரமும் குங்குமமும் நாலு நாளில் இரும்பைத் தின்றிருந்தன.

முதலில் அடித்த காரிலேயே தெரிந்தது. கூரையில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு சொரசொரப்பு. யாரிடமும் சொல்லவில்லை. 'பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாலாயிரம் காருக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டார். அறுபது வயதில் மனுஷனுக்கு அலுப்பு வந்தால் மனசாட்சியும் சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஆனால் வாங்கியவர்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆட்கள். இது 1971 மோல்டின் ஒரிஜினல் தழும்பு, நகல் எடுத்த போலிகளில் இது இருக்காது என்று இன்டர்நெட்டில் அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். முதலாளியம்மா டெனிஸுக்கு ஒரே குஷி. அடுத்த பெட்டிகளில் 'அசல் 1971 தழும்புடன்' என்று அச்சடித்துவிட்டாள். அப்போதும் கிட்டுசாமி வாயைத் திறக்கவில்லை.

ஜூலையில் ஒரு போன் வந்தது. டூல் ரூம் ஆளிடம்தான் பேசுவேன் என்று அடம் பிடிக்கிறார் என்று டெனிஸ் லைனை மாற்றிக் கொடுத்தாள்.

"என் பேர் வால்ட். டெக்சஸ், சுகர் லேண்ட்ல மக வீட்ல இருக்கேன்" என்றது ஒரு நடுங்கும் குரல். "சாலி மோல்டு நான் பண்ணது. அந்தக் கூரைக்கு மட்டும் ஒன்பது நாள் பாலிஷ் போட்டேன். அதுல தழும்பு இருக்குன்னு பெட்டியிலயே போட்டிருக்கீங்களே. துருன்னு சொல்லாதே, துரு அவ்வளவு வட்டமா வராது. எனக்கு எண்பத்தேழு வயசு, இப்பல்லாம் ஞாபகம் தப்புது. நான் சரியா பண்ணலியா? அதை மட்டும் சொல்லு."

முகமே தெரியாத ஒரு தொழில்காரனின் தலையில் தன் தப்பை ஏற்றிவைத்துவிட்டு நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறோமே என்று கிட்டுசாமிக்கு வெட்கமாக இருந்தது.

"சார், அது நீங்க இல்ல. நான்" என்றார். பொட்டு வைத்ததையும் மறந்ததையும் மறைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார்.



"அப்ப நான் நல்லாத்தான் பண்ணியிருக்கேன்" என்றார் வால்ட்.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க சார்."

போனை வைத்ததும் நேரே டெனிஸிடம் போய்ச் சொன்னார். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை.

"பெட்டி எல்லாம் அடிச்சாச்சு கிட்டு. ஜனங்க அந்தத் தழும்பைத்தான் கேக்கறாங்க."

"அந்த வரி மேல, தழும்பு எங்க தப்பு, சரி பண்ணியாச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டிரலாம் மேடம். கூரைய நான் என் லீவுல சரி பண்ணிடறேன்."

டெனிஸ் சரி என்றாள். அந்த லீவு சான் ரமோனில் இருக்கும் மகள் ரக்ஷா வீட்டுக்குப் போக வைத்திருந்தது. வசந்தாமணி விடுவாளா?

"ஏனுங்க, தோளைத் தூக்க முடியல, physio appointment வேற cancel பண்றீங்க. யாரோ ஒரு தாத்தனுக்காகவா?"

"நான் பண்ணுன வேலை அம்மிணி. நீ flight-ல போயிட்டு வா."

"குங்குமம் குழைச்சுக் குடுத்தது நானுங்க" என்று சொல்லிவிட்டு அவள் டிக்கெட்டை கேன்சல் செய்தாள். ராத்திரி அவர் தோளுக்குத் தைலம் தேய்க்க ஆள் வேண்டுமே.

ஒரு குழியை எடுக்க வேண்டுமென்றால் கூரை முழுவதையும் மயிரிழை அளவு இறக்க வேண்டும். முதலில் சாணைக்கல், அப்புறம் உப்புத்தாள், அப்புறம் வைரப்பொடிப் பசை என்று தேய்த்தார். அவருக்குப் பதினோரு நாள் ஆனது. வால்டைவிட இரண்டு நாள் அதிகம். சரி பண்ணிய பிறகு முதலில் அடித்த காரின் கூட்டை சுகர் லேண்டுக்கு, வால்டுக்கு அனுப்பினார்.

தழும்பில்லாத சாலி கடைக்குப் போனதும், இது போலி, பணத்தைத் திருப்பிக் கொடு என்று கடிதங்கள் குவிந்தன. நீயே பதில் எழுது என்று டெனிஸ் மொத்தத்தையும் அவர் மேஜையில் கொண்டுவந்து போட்டாள். ஸ்டிக்கரை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. முப்பத்தேழாவது கடிதத்தில் இருந்தபோது வால்டின் மகள் கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு இப்ப எதுவுமே நினைவில் நிக்கறதில்ல. உங்ககூடப் பேசினதும் மறந்துட்டார். ஆனா தினமும் அந்தக் கூரையைக் கட்டைவிரலால தடவறார். 'அருமையான வேலை, யார் பண்ணது?'ன்னு கேக்கறார். 'நீங்கதான்ப்பா'ன்னு சொல்றேன். சொல்லலாம் இல்லையா?"

கிட்டுசாமி வலது தோளை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"தாராளமா சொல்லுங்க மேடம்" என்றார். "அவர் பண்ணதுதான்."