துண்டுக்குள்ளே வெளிச்சம்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் என்னைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. தரகர் ஏசுவடியானை நம்பி மாடு வாங்கலாம் என்பது ஒன்று. ஏசுவடியான் வாயைத் திறந்தால் பொய் என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்பவர்கள் ஒரே ஆட்கள்தான் என்பதால் நான் யாரோடும் தகராறுக்குப் போனதில்லை. ஒரு ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து வந்த எருமையைப் பிழிந்து, கொடியில் காயப்போட்டு, மத்தியானத்துக்குள் விற்றுக் கொடுத்திருக்கிறேன். வாங்கினவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கலாம் என்பதைத் தவிர அவர் வேறு குறை சொல்லவில்லை.

இது போன ஆடியில் நடந்தது. பார்த்தவர்கள் சந்தை முழுக்க இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

என் மருமகள் ஷைலா கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் உடுப்புக்கு லைட் வைத்துத் தைக்கிற யூனிட் நடத்துகிறாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மினுக்குகிற பாவாடை, ரிசப்ஷன் மாப்பிள்ளைக்கு எரிகிற கோட்டு, தலைக்குப் போடும் பேண்டு, வளையல், கைப்பை, நாய்க்குக் கழுத்துப்பட்டி. எதைக் கொடுத்தாலும் முடி மொத்தத்தில் ஒயரை ஓட்டிக் கடுகு கடுகாய் லைட்டைப் பதித்துவிடுவாள். கிறிஸ்துமஸ் பவனியில் அவள் தைத்த தேவதை உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பிள்ளை வண்டிமேல் நின்றது. ஊரிலிருந்த விட்டில்பூச்சி முழுக்க மாதாவை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையைத்தான் சுற்றி வந்தது.

எனக்கு ஒரு துண்டு தைத்துக் கொடுத்தாள். மெல்லிய வெள்ளைத் துண்டு. ஒரு பாதி முழுக்க லைட்டு, ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு பேட்டரி டப்பா.

"மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. ஒருக்கா அமுக்கினா எரியும். இன்னொருக்கா அமுக்கினா மினுக்கும். மூணாவதுக்குக் கலர் மாறும். அணைக்கறதுக்கு என்ன பண்ணோணும்னா…"

அந்த இடத்தில் நான் வடை தின்றுகொண்டிருந்தேன். வடை நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் மாசாணியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். கோட்டூர்ப் பக்கத்துக்காரி, வீட்டுக்காரர் தவறிப் பல வருஷம் ஆகிறது. மகன் நாட்ராயன் கோயமுத்தூர் கணபதியில் லேத்துப் பட்டறையில் இருக்கிறான். தனியாகக் கிடக்க வேண்டாம் என்று அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போக வந்திருந்தான். நல்ல பையன்தான். ஆனால் அவன் குடியிருப்பது மூன்றாவது மாடி. மாசாணியம்மாளிடம் ஒரு செவலை மாடு இருந்தது.

"லிப்ட்டுல ஏறுமான்னு கேட்டனுங்க. சிரிக்கறானுங்ணா," என்றாள்.

"மாட்டக் கேட்டியா அம்மணி, அதுக்கு மாடி வேணுமான்னு?"

அவள் சிரிக்கவில்லை. "வயசாயிப்போச்சுங்க. பாலும் வத்திப்போச்சு. லாரியில ஏத்தினா அது எங்க போகும்னு எனக்குத் தெரியுமுங்க. கட்டி வெச்சுத் தீனி போடறவங்க கையில புடிச்சுக் குடுத்துருங்ணா. எனக்கு அது போதும்."

"நான் இருக்கறப்ப லாரி அந்தப் பக்கம் திரும்புமா? போ, போயிக் காப்பித்தண்ணி குடி."

ஆள் கையில் இருந்ததால்தான் அப்படிச் சொன்னேன். உடுமலைப்பேட்டையில் பங்காரு என்று எனக்குப் பழக்கமானவர், தென்னந்தோப்புக்காரர். தோப்புக்குச் சாணி வேண்டும், பால் கறக்காவிட்டாலும் பரவாயில்லை என்று மாடு தேடிக்கொண்டிருந்தார். சிக்கல் என்னவென்றால், நாட்ராயன் "எவரு சேத்திக் குடுக்கறாங்களோ அவங்களுக்குங்க" என்று சொல்லிவிட்டான். பாலக்காட்டு லாரிக்காரர் ஒருவர் வாரம் தவறாமல் சந்தைக்கு வருவார். பங்காரு சொல்கிற விலை அவர் காதில் விழுந்தால் அதற்குமேல் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுவார். காதில் விழக் கூடாது. அதற்குத்தான் துண்டு.

சந்தைக்கு வராதவர்களுக்குச் சொல்கிறேன். தரகரும் வாங்குகிறவரும் ஒரு துண்டை மடித்துப் போட்டு, அதற்குள் கையைக் கோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவோம். முழு விரலுக்கு ஒரு கணக்கு, பாதி விரலுக்குப் பாதி. வாயால் மழையைப் பற்றியும் மகள் பிரசவத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்போம். கை உள்ளே இருக்கும்வரை வேறு யாரும் குறுக்கே வரமாட்டார்கள். வர வேண்டுமானால் விலை தெரிய வேண்டுமே. ஆனால் பேச்சு முடியுமுன் ஒருவர் கையை உருவிவிட்டால் பேச்சு முறிந்தது. அந்த மாட்டுக்கு அந்த ஆள் அன்றைக்கு மறுபடி கைபோடக் கூடாது.

சந்தையன்று விடியும்போதே சாரல். மேகம் மலையை விட்டு இறங்கி வந்து தகரக் கொட்டகைக்குள் மாட்டோடு மாடாக நின்றுகொண்டிருந்தது. யாரோ அதற்கும் பல் பிடித்துப் பார்த்தார்கள். என் பழைய துண்டு ஈரமாகக் கிடந்ததால் ஷைலாவின் துண்டைத்தான் தோளில் போட்டுப் போயிருந்தேன். அணைந்து கிடக்கிறவரை அதுவும் ஒரு துண்டுதானே.

மாசாணியம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகன் பக்கத்தில் ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். லாரிக்காரர் கொஞ்சம் தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் பங்காருவும் துண்டை மடித்துக் கையைக் கோத்தோம்.

"உடுமலையில மழைங்களா?" என்றேன், விரலைப் பிடித்தபடி.

"தூத்தல்தானுங் ஏசுவண்ணா," என்றார் பங்காரு. மூன்று விரல் பிடித்தார். நான் நான்காவதை நீட்டினேன். அதைப் பிடிக்கப் போனவரின் பெருவிரல் பேட்டரி டப்பாவில் பட்டது.

துண்டு எரிந்தது.

கீழ் மடிப்பில் லைட்டு, மேல் மடிப்பில் எங்கள் விரல்களின் நிழல். சினிமாக் கொட்டகைத் திரை மாதிரி அத்தனை துலக்கம். பங்காருவின் மோதிரத்தில் இருந்த முருகர் கூடத் தெரிந்தார்.

"மூணு புடிச்சு நாலாவதுக்குப் போறாரு!" என்று எவனோ கத்தினான்.

"அணைங்ணா!" என்றார் பங்காரு.

அமுக்கினேன். மினுக்க ஆரம்பித்தது. மறுபடி அமுக்கினேன். சிவப்பாக மாறியது. சந்தை வாசலில் போய்க்கொண்டிருந்த வால்பாறை பஸ் சிக்னல் என்று நினைத்து நின்றுவிட்டது. பச்சைக்கு மாறின பிறகுதான் கிளம்பியது. கண்டக்டர் இப்போதும் என்னைப் பார்த்தால் முறைப்பார்.

ஒருவர் தன் துண்டை மேலே போட்டு மூடினார். அதிலும் விரல் தெரிந்தது. சாக்கைப் போட்டார்கள், சாக்கிலும் தெரிந்தது. கையை உருவினால் பேச்சு முறியும். உருவாமல் நின்றால் ஊருக்கே விலை தெரியும். நாங்கள் இரண்டு கிழவர்கள் கையைக் கோத்தபடி, திருவிழாத் தேர் மாதிரி ஜொலித்துக்கொண்டு நின்றோம்.

மிச்சமிருந்த கையால் ஷைலாவுக்குப் போன் போட்டேன்.

"கண்ணு, துண்டு எரியுது!"

"ஐயோ, தீப்புடிச்சிருச்சா மாமா?"

"லைட்டு எரியுது! எப்படி அணைக்கறது?"

"அன்னைக்கே சொன்னனே மாமா. சரி, இப்ப எப்படி எரியுது?"

"செகப்பு, பச்சை, ஊதா, மறுபடி செகப்பு."

"அது டான்ஸ் மோடுங் மாமா. டப்பாவ விடாம அமுக்கிப் புடிச்சுட்டே இருங்க."

அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். சாரல் தண்ணீர் டப்பாவுக்குள் புகுந்திருக்க வேண்டும். டான்ஸ் இன்னும் வேகமாயிற்று. "நனைஞ்சுதுங்களா மாமா? நனைஞ்சா பேட்டரி தீர்ற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்," என்றாள். பேட்டரி எப்போது தீரும் என்று கேட்டேன். அவள் பெருமையாகத்தான் சொன்னாள், நல்ல பேட்டரி போட்டிருக்கிறாளாம்.

அதற்குள் லாரிக்காரர் டீ கிளாசை வைத்துவிட்டு வந்துவிட்டார். துண்டில்லை, மறைப்பில்லை. நாங்கள் பிடித்திருந்த விரலைப் பார்த்தார், தன் கையைத் தலைக்குமேல் தூக்கி அதைவிட ஒரு விரல் கூட்டிக் காட்டினார். பங்காரு பாதி விரல் ஏறினார். மேல் மடிப்பில் அந்தப் பாதி விரல் எல்லோருக்கும் தெரிந்தது. லாரிக்காரர் முழு விரல் ஏறினார். பங்காரு என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அதையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"சாணிக்கு இதுக்குமேல முடியாதுங்ணா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கையை உருவிக்கொண்டார்.

நாட்ராயன் லாரிக்காரர் பக்கம் தலையாட்டினான்.

சரி, துண்டு கைவிட்டால் வாய் இருக்கிறது என்று நினைத்தேன். துண்டைச் சுருட்டி இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு லாரிக்காரரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு இல்லீங்க. இதுக்குச் சுழி சரியில்ல. நெத்தியில எரட்டைச் சுழி. வாங்கின மூணு பேரும் மண்டையப் போட்டாங்க."

"நான் சுழி பார்க்கறது இல்லை சேட்டா."

"ஒதைக்கும். போன மாசம் ஒதைச்ச ஒதையில ஒரு ஆளு ஆனைமலையில போயி உழுந்தாரு. பஸ் புடிச்சுத்தான் திரும்பி வந்தாரு."

"எத்தனை நாளைக்கு ஒதைக்கப் போகுது சேட்டா?"

"தீனியே எடுக்காதுங்க. வவுத்துல நோவு."

அவர் மாட்டின் முதுகைத் தட்டிப் பார்த்தார். விலாவைப் பிடித்துப் பார்த்தார். "வெயிட்டு இருக்கு," என்றார்.

எத்தனையோ வருஷமாக இந்தச் சந்தையில் பொய் சொல்கிறேன். நொண்டி மாட்டை நடனமாடும் என்று சொல்லியிருக்கிறேன். நான் சொன்ன அத்தனையும் மாட்டோடு வாழப் போகிறவர்களிடம் சொன்னவை. அவர்களுக்குத்தான் சுழி வேண்டும், சுபாவம் வேண்டும், நடை வேண்டும். இவருக்கு எந்தப் பொய்யும் ஒட்டவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. நான் பேசப் பேச இடுப்பில் சிவப்பும் ஊதாவும் மாறி மாறி அடித்ததில் கண் கூசி, முகத்தை மட்டும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். கடைசியில் என் தோளைத் தொட்டு, "போட்டும், விடுங்க சேட்டா," என்றார்.

நாட்ராயனிடம் போனேன். "பங்காரு தோப்புல கட்டிப் போடுவாருப்பா. உங்கம்மா நெனச்சப்பப் போயிப் பாத்துட்டு வரலாம்."

"எனக்குத் தெரியாதுங்களாய்யா?" என்றான். சாவியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டான். "அவங்களக் கூட்டிப்போயி வெச்சுக் காப்பாத்தோணுமுங்க. வீட்டு ஓனரு அட்வான்ஸ் கேக்கறான். நானென்ன ஆசைப்பட்டா பண்றேன்?" அம்மா இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். லாரிக்காரரின் ஆள் புதுக் கயிறு கொண்டுவந்து கட்டினான். மாசாணியம்மாள் தன் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏனுங்ணா, எங்க போகுதுங்க?"

"பாலக்காட்டுக்கு அக்கட்டால பெரிய எஸ்டேட்டு அம்மணி," என்றேன். "மலை முழுக்கப் புல்லு. வயசான மாட்டுக்குன்னே கொட்டாயி கட்டி வெச்சிருக்காங்க. மின்விசிறி போட்டு. ஞாயித்துக்கெழமை டாக்டரு வந்து நாக்கப் பாத்துட்டுப் போவாரு…"

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் லாரியிலேயே இருந்தது. பலகையைச் சாய்த்துவிட்டார்கள். மாடு முன்னங்காலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தது.

"தண்ணி குடிக்கலீங்க," என்றாள். "காத்தால இருந்து குடிக்கலீங்ணா."

இதையாவது செய்ய முடியும் என்று ஓடினேன். டீக்கடையில் ஒரு வாளி தண்ணீர் வாங்கிவந்து மாட்டின் முன்னால் வைத்துக் குனிந்தேன். மாடு மூக்கைக் கொண்டுவந்தது. தண்ணீர் சிவப்பாயிற்று. அடுத்த நொடி பச்சையாயிற்று. மாடு மிரண்டு தலையை உதறிப் பின்வாங்கியது, வாளியில் பாதி என் வேட்டியில் போயிற்று.

"அதக் கழட்டுங்ணா," என்றாள்.

முடிச்சு நனைந்து இறுகிவிட்டிருந்தது. நகத்தால் இழுத்தேன், பல்லுக்கு எட்டவில்லை. இழுக்க இழுக்க அது இன்னும் குஷியாக மினுக்கியது. லாரிக்காரரின் ஆள், "நேரமாகுது, போற வழியில தண்ணி காட்டிக்கலாம்," என்றான்.

மாசாணியம்மாள் வாளியை எடுத்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சேலை முந்தானையை விரித்து வாளிக்கும் எனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டாள். அது மெல்லிய நூல் சேலை. அதிலும் வெளிச்சம் ஊடுருவத்தான் செய்தது.

"சித்தெ அக்கட்டால திரும்பி நில்லுங்ணா," என்றாள்.

கொட்டகைச் சுவரை ஒட்டிப் போய், இடுப்பு சுவரில் படும்படி நெருக்கி நின்றுகொண்டேன். சுண்ணாம்புச் சுவர் சிவப்பாயிற்று, பச்சையாயிற்று, ஊதாவாயிற்று. சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு மாடு தண்ணீர் உறிஞ்சுவது கேட்டது. ஒரே மூச்சாகக் குடித்தது. அதற்குப் பிறகு பலகைமேல் குளம்புச் சத்தம்.

நான் திரும்பவில்லை.