கடைசி மோட்டார்

காரில் கூட்டிப்போகிறேன் என்று புனிதன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். பெட்ரிசியா கேட்கவில்லை.

"அவரு மோட்டார்லதானே போனாரு. நானும் அப்படியே போறேன்ணே. அந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டா போதும்."

அவள் புருஷன் மைக்கல்ராஜ் மோட்டார் சைக்கிள் விபத்தில் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தம்பின் டவுனுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் புனிதனும் அவனும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். புனிதன் மம்பா டவுனில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். மைக்கல்ராஜ் எஸ்டேட்டிலேயே தங்கி லோரி ஓட்டினான். பெட்ரிசியா இன்னும் அங்கேதான் செம்பனை நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டாளிகள் ஐந்து பேர் மோட்டார் எடுத்துக்கொண்டு கேமரன் மலைக்குப் போவார்கள். முன்னால் வழிகாட்டிப் போகிறவன் புனிதன். கடைசியில் வருகிறவன் மைக்கல்ராஜ்.

சனிக்கிழமை விடியும்போது கிளம்பினார்கள். கோலப்பிலா, சிம்பாங் பெர்த்தாங், காராக் என்று ஊர்கள் கழிந்தன. ரவுப்பில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுங்கை கோயான் தாண்டியதும் ரோடு மலையேறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் காடு நெருக்கிக்கொண்டு வந்தது. மூடுபனி ஹெல்மெட் கண்ணாடியில் நீராய் வழிந்தது. எந்த வளைவு என்று புனிதன் தேட வேண்டியிருக்கவில்லை. அங்கே மட்டும் இரும்புத் தடுப்பு புதுசாய்ப் பளபளத்தது.

"இங்கதானா?"

"இங்கதான்."

பெட்ரிசியா இறங்கிப்போய்த் தடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கொண்டுவந்த மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். காற்று இரண்டு தடவை அணைத்தது. அதை அப்படியே வைத்துவிட்டு மண்டி போட்டு ஜெபம் சொல்லி முடித்தாள்.

"ஒடனே உயிரு போயிருச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னீங்கல்ல, அது ஒன்னுதான்ணே எனக்கு ஆறுதல். ஒவ்வொரு பூசையிலயும் அதுக்குத்தான் நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன்."

புனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு வருஷம் அப்படித்தானே இருந்தான். ஆனால் அவள் அந்த மண்ணில் மண்டி போட்டு நன்றி என்று சொன்னதை அவனால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அப்படி இல்ல, பெட்ரிசியா."

அன்றைக்குச் சரியான மழை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை நின்று, கடைசி மோட்டார் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முன்னால் போகிறவன் கிளம்ப வேண்டும். புனிதன் நிற்கவில்லை. நனைகிறோமே என்று மலைமேல் ரிங்லெட் டவுன் வரைக்கும் ஒரே ஓட்டமாய் ஓட்டினான். அங்கே நாலு பேரும் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, மைக்கல் எங்கேயோ படுத்துவிட்டான் என்று சிரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் திரும்பினார்கள்.

"நாங்க வந்தப்போ ஒரு பூர்வகுடிக்காரர் மைக்கல் மேல மழை படாம தார்ப்பாயப் பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. உயிரு அப்பத்தான் போயிருந்துச்சு. இங்க போன் லைன் கெடைக்காது, வண்டியும் வரல. அர மணி நேரம் பேசிக்கிட்டு இருந்தானாம்."

"என்ன பேசினாரு?"

புனிதன் ரோட்டைப் பார்த்தான். "கூட்டாளிங்க முன்னால போறாங்க, இப்ப திரும்பி வந்துருவாங்கன்னு."

காய்கறி லோரி ஒன்று உறுமிக்கொண்டு இறங்கிப் போனது. அவள் மண்ணிலிருந்து எழுந்தாள்.

"அந்த ஆளு பேரென்ன?"

"கேக்கல."

"ஒரு வருஷமாவா?"

அவன் ஹெல்மெட் வாரை இழுத்து மாட்டினான்.

"எங்க இருக்காருன்னாவது தெரியுமா?"

"கீழ கம்போங்லன்னு போலீஸ் சொன்னாங்க."

"மோட்டார எடுங்க."

கம்போங் குடியிருப்பில் ஒரு சின்னக் கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஐம்பது வயசு மதிக்கத்தக்க மனுஷர் வெளியே வந்தார். புனிதனைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டார். பிறகு பெட்ரிசியாவைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை.

"நீங்க இங்கயே நில்லுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு அவள் அவரோடு போனாள்.

இரண்டு பேரும் மரப்படியில் உட்கார்ந்தார்கள். அவளுடைய எஸ்டேட் மலாய், அவருடைய தணிந்த குரல். மோட்டார் பக்கத்தில் நின்ற புனிதனுக்கு ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. ஒரு கட்டத்தில் அவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, தார்ப்பாயைப் பிடித்த விதத்தைக் காட்டினார். பெட்ரிசியா வாயைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். புனிதனுக்கும் ஒரு கோப்பை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். ஆறிப்போனது.

ஒரு மணி நேரம் கழித்து அவள் எழுந்து வந்தாள். "போலாம்."

மோட்டார் மலையிறங்கியது. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று புனிதன் ஒரு வருஷமாய் நினைத்திருந்தான். ஆகவில்லை. சொல்லாமல் இருந்தவரை அந்தப் பாரம் அவனுடையதாக மட்டும் இருந்தது. இப்போது பின்னால் உட்கார்ந்திருக்கிறவளும் சேர்ந்து சுமந்தாள்.

எஸ்டேட்டுக்குள் நுழைந்தபோது செம்பனைகளுக்கு அடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. லயத்து வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டின் மேல் வைத்தாள்.

"அவரு வேற எதுவும் சொன்னாரா, பெட்ரிசியா? மைக்கல் என்னப் பத்தி ஏதாச்சும்…"

அவள் அவனை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

"அது எனக்குச் சொன்னது."

உள்ளே போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வாங்க என்றும் சொல்லவில்லை. விளக்கு எரிந்தது. புனிதன் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணாமலே செம்மண் பாதை முடிகிறவரை தள்ளிக்கொண்டு போனான்.